எந்திரி சாமி, ஐந்தாம் திருத்தம்

‘ஆறரை இஞ்ச்’ இசைக்குழுவின் ஓசை இருபது ஆண்டுகளில் எப்படியெல்லாம் மாறியது என்று பெங்களூரிலிருந்து சந்தோஷ்குமார் என்பவர் இணையத்தில் பதினோரு கட்டுரைகள் எழுதியிருக்கிறார். உழைத்து எழுதிய கட்டுரைகள். ஆனால் அவற்றில் ஒன்றில்கூட முதலிடம் உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளியின் பெயர் வராது. அந்தப் பள்ளியை விட்டுவிட்டு இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள முடியாது. ஆகவே முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு போர் லாரிகள் பூமியில் இறக்கும் துளையின் அகலம் ஆறரை அங்குலம். 2004இல் அங்கே பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் அந்த அளவையே தங்கள் குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். செங்கோடன் கிதார். காளிதாஸ் பேஸ் கிதார். ஜூட் டிரம்ஸ். ஜூட் சேலத்துக்காரன், பங்குக் கோயில் பாடகர் குழுவில் தாளம் பழகியவன். அவன் தங்கை அக்சிலியா பாடினாள்.

போர் லாரியின் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அது ஒரே சத்தம் அல்ல. அடியில் கம்ப்ரஸரின் உறுமல். அதன்மேல் பாறையைக் கொத்தும் சுத்தியலின் படபடப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, துளையிலிருந்து தூசியோடு பீறிடும் காற்றின் சீற்றம். காளிதாஸ் உறுமலை எடுத்துக்கொண்டான், ஜூட் படபடப்பை, செங்கோடன் சீற்றத்தை. கிதாரில் சீற்றம் வருவதற்கு ஒரு வழி உண்டு. ஆம்ப்ளிஃபையர் எனும் பெருக்கி தாங்குகிற அளவுக்கு மேல் ஒலியைக் கொடுத்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அந்த வெட்டு விளிம்புதான் காதில் கரகரப்பாக விழுகிறது. இத்தனைக்கும் நடுவில் அக்சிலியாவின் குரல் மட்டும் வெட்டுப்படாமல் போகும்.

இந்த வகை இசைக்கு மாற்று ராக் என்று பெயர். அப்படியென்றால் என்ன என்று ஒரு கல்யாண வீட்டில் கேட்டபோது ஜூட் சொன்னான்: “ஆர்க்கெஸ்ட்ரா வராதப்ப எங்களைக் கூப்புடறீங்கல்ல, அதாங்க மாற்று.”

2009இல் குழுவின் ஓசையில் அடிப்பாகம் காணாமல் போயிற்று. ‘பாரத்தை இறக்கி வைத்துவிட்டு ஒளியை நோக்கித் திரும்புகிறார்கள்’ என்று சந்தோஷ்குமார் எழுதினார். காளிதாஸ் போர் லாரியோடு ராஜஸ்தான் போய்விட்டான் என்பதே விஷயம். அவன் இடத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. செங்கோடன், பாறையைக் குடைந்து மழுங்கிய போர் பிட்டுகளைத் தீட்டிக் கொடுக்கும் பட்டறை வைத்தான். ஜூட் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் இடத்தில் சேர்ந்தான். அக்சிலியா சேலத்தில் நர்ஸானாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் பிட்டுப் பட்டறையில் கூடி வாசித்தார்கள்.

‘எந்திரி சாமி’ 2012இல் வந்தது. சாமி என்பது அந்தப் பக்கத்தில் பிள்ளைகளைக் கொஞ்சும் சொல். செங்கோடனின் மகள் நிலாவுக்கு அப்போது நான்கு வயது. காலையில் எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். ஒருநாள் செங்கோடன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கிதாரில் மூன்று சுரம் தட்டினான். நிறுத்தினான். மறுபடி மூன்று. போர்வைக்குள்ளிருந்து ஒரு கால் வெளியே வந்து ஆடியது. பாட்டு அப்படித்தான் தொடங்குகிறது: மூன்று சுரம், ஓர் இடைவெளி, தோளைத் தொட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல. ஒன்றரை நிமிடம் வரை அவ்வளவுதான். பிறகு அக்சிலியாவின் குரல். பிறகு ஜூட் டிரம்மில் வெறும் கையால் தட்டுவது. நான்காம் நிமிடத்துக்கு மேல் செங்கோடன் பெருக்கியை முழுக்கத் திறந்துவிடுவான், வீட்டுக் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்ததுபோல இருக்கும். மொத்தம் ஐந்து நிமிடம் நாற்பது வினாடி. குழுவின் ஆகச் சிறந்த பாட்டு அதுதான் என்பதில் சந்தோஷ்குமாருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

2019இல் நிலா ஆறாம் வகுப்புக்கு நாமக்கல் பக்கத்து முதலிடம் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். செங்கோடனுக்கு மனமில்லை. மனைவி அனிதா ஒரே வரியில் முடித்தாள்: “நீங்க இஞ்சினியரிங் படிச்சுப்போட்டு பிட்டு தீட்டறீங்க. அவளாவது நிழல்ல உக்காந்து சம்பாரிக்கட்டும்.”

சேர்க்கை நாளில் தாளாளர் வேலுசாமி பெற்றோர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார். அவருக்கு முட்டைக் கோழிப் பண்ணைகளும் உண்டு. எதையும் அளந்து பார்க்கிற மனிதர்.

“நீங்க என்ன பண்றீங்க?”

“பிட்டுப் பட்டறைங்க. அப்பறம் ஒரு மியூசிக் குரூப்பு இருக்குதுங்க.”

தாளாளர் நிமிர்ந்தார். “ஏனுங்க, புள்ளைங்களை எழுப்பற மாதிரி பாட்டு ஏதாச்சும் வச்சிருக்கறீங்ளா? இங்க காலைல நாலு நாப்பதுக்கு சைரன் உடறோம். புள்ளைங்க பயந்து எந்திரிக்குதுங்க. பயந்து எந்திரிச்சா மொதப் பத்து நிமிசம் மண்டையில ஒண்ணும் ஏறறதில்ல. கோழி ஷெட்டுலயும் அப்படித்தானுங்க, திடீர்னு சத்தம் வந்தா அன்னைக்கு முட்டை கொறஞ்சு போகும். அதனால அங்க ரேடியோவைப் பாட உட்டிருக்கறம்.”

அந்தப் பள்ளியில் பெற்றோர் பிள்ளையைப் பார்ப்பது மாதத்துக்கு ஒரு ஞாயிறு, வேப்பமரத்தடியில், நாற்பது நிமிடம். செங்கோடன் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டான். தினமும் விடியலில் மகளின் காதில் தன் கிதார். அவள் வீட்டில் எழுந்தது போலவே அங்கேயும் எழுவாள். அவன் பையிலிருந்த சி.டி.யை எடுத்துத் தானாகவே நீட்டினான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பள்ளியின் எழுப்பும் முறை எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிவிடுகிறேன், அது உண்மையில் நல்ல ஏற்பாடு. பாட்டு தொடங்கியதும் மூவாயிரம் பிள்ளைகளும் எழுந்து, பாயைச் சுருட்டி, வரிசையாக நடந்து படிப்பு மண்டபத்துக்குப் போக வேண்டும். அங்கே அவரவர் பெஞ்சுக்கு முன்னால் நிற்க வேண்டும். கடைசிப் பிள்ளை வந்து நிற்கும்வரை பாட்டு திரும்பத் திரும்ப ஓடும். கடைசிப் பிள்ளை வந்ததும் வார்டன் பாட்டை நிறுத்துவார். பாட்டு நின்றதும் எல்லோரும் உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்க வேண்டும். மணியும் இல்லை, அதட்டலும் இல்லை. பாட்டே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது.

இரண்டு வாரத்தில் செங்கோடனுக்கு அழைப்பு வந்தது. எழுச்சி ஒருங்கிணைப்பாளர் தமிழரசு கையில் ஒரு வரைபடத்தோடு காத்திருந்தார். அப்படி ஒரு பதவி அந்தப் பள்ளியில் உண்டு.

“உங்க பாட்டுல மொதல் ஒன்றரை நிமிஷம் பசங்க தூங்கறாங்க சார். சொல்லப்போனா, முன்னைவிட நல்லாத் தூங்கறாங்க.”

“அது அப்படித்தானுங்க. மெதுவா...”

“மெதுவாங்கறது எங்க டைம்டேபிள்ல இல்லீங்க சார்.”

முதல் திருத்தத்தில் முன்னிசை போயிற்று. மூவரும் பட்டறையில் மறுபடி பதிவு செய்தார்கள். ஜூட் வழக்கம்போல அதை இணையத்தில் ஏற்றினான். ‘தயக்கத்தைக் கைவிட்ட குழு’ என்று சந்தோஷ்குமார் எழுதினார்.

இரண்டாம் திருத்தம் ஜனவரியில் வந்தது. பாட்டில் ‘அடுப்புல பாலு பொங்குது, எந்திரி சாமி’ என்று ஒரு வரி உண்டு. அந்த வரி ஒலிக்கும்போது ஆறாம் வகுப்பு வரிசையில் நாற்பத்தொரு பேர் அழுததாகத் தமிழரசு எண்ணி வைத்திருந்தார். அழுகிறவர்களுக்கு நடை வேகம் குறைகிறது. “வார்த்தை வேண்டாம் சார். வார்த்தை இருந்தா வீட்டு நெனப்பு வருது.”

அக்சிலியா அதைக் கேட்டுச் சிரித்தாள். அடுத்த ஞாயிறும் வந்து ஓரமாக உட்கார்ந்து, அவர்கள் குரலில்லாமல் பதிவு செய்ததைப் பார்த்தாள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். போகும்போது, “இனி எனக்கு இங்க என்னண்ணா வேலை?” என்றாள். பஸ் வந்ததும் வெற்று பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

பிறகு கொரோனா வந்தது. பள்ளி மூடியது. எழுச்சி மூடவில்லை. பள்ளிச் செயலி ஒன்று பெற்றோரின் போனில் ஏற்றப்பட்டது. காலை நாலு நாற்பதுக்குப் போன் பாட்டைப் பாடும், பிள்ளை எழுந்து நிற்பதைப் பெற்றோர் படம் எடுத்து அனுப்ப வேண்டும். போன் ஸ்பீக்கர் சிறியது, அதில் தாழ்ந்த சுரங்கள் கேட்காது. அதற்காக எல்லாச் சுரங்களையும் மேலே தூக்கியது மூன்றாம் திருத்தம்.

செங்கோடனுக்கு ஒரு யோசனை. மகள் வீட்டில்தான் இருக்கிறாள், தானும் இருக்கிறான். ஒருநாள் போனை அணைத்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து பழைய பாட்டை முன்னிசையோடு வாசித்தான். நிலா கண்ணைத் திறக்காமல் சிரித்தாள். பன்னிரண்டு வயதுக் கால் ஒன்று போர்வைக்கு வெளியே வந்து ஆடியது. ஐந்து நிமிடம் நாற்பது வினாடியும் அவள் படுத்தபடியே கேட்டாள்.

மதியம் செயலியில் சிவப்பு எழுத்தில் வந்தது: ‘நிலா செ., ஏழாம் வகுப்பு இ பிரிவு: இன்று எழவில்லை.’ வகுப்புக் குழுவில் எல்லோரும் பார்த்தார்கள். நிலா அழுதாள். செங்கோடன் தமிழரசுக்குப் போன் போட்டு, பாட்டு எழுதியவன் நானே நேரில் வாசித்தேன் என்றான். பதிவு செய்த வடிவம் மட்டுமே செல்லும் என்று தமிழரசு விளக்கினார். “நீங்களே வாசிச்சாலும் அது ஒரிஜினல் ஆகாதில்லீங்களா சார்?” மறுநாளிலிருந்து நிலா போனைத் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

பள்ளி திறந்தபின் வேகத்தைக் கூட்டிய நான்காம் திருத்தம். 2023இல் ஐந்தாம் திருத்தம். மூன்று கிதார் சுரம், இடைவெளி இல்லை, உடனே எட்டு டிரம் அடி, மறுபடி மூன்று சுரம். மொத்தம் பத்தொன்பது வினாடி. எழுந்து மண்டபத்தில் போய் நிற்க முன்பு சராசரியாக ஒன்பது நிமிடம் பிடித்த மூவாயிரம் பேர் இப்போது நான்கு நிமிடத்தில் நின்றார்கள். வேறு பதினாறு பள்ளிகள் பார்க்க வந்து வாங்கிப்போயின. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒவ்வொரு விடியலிலும் முப்பதாயிரம் பேர் ‘ஆறரை இஞ்ச்’ குழுவைக் கேட்டார்கள். தமிழில் வேறு எந்த மாற்று ராக் குழுவுக்கும் அப்படிக் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ‘கழித்துக் கழித்து இவர்கள் இசையின் எலும்பைத் தொட்டிருக்கிறார்கள்’ என்று சந்தோஷ்குமார் நெகிழ்ந்தார்.

பட்டறையில் வேறு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. செங்கோடன் புதிதாக எதைத் தொடங்கினாலும் இருபது வினாடிக்கு மேல் கை ஓடவில்லை. “நீ நிறுத்தற, நான் அடிக்கறேன். நீ நிறுத்தற, நான் அடிக்கறேன்,” என்றான் ஜூட். “டேய், நாம பாட்டு போடறமா, பஸ்சுக்கு விசில் ஊதறமா?”

நிலா பத்தாம் வகுப்பு முடிக்கும்போது, வேப்பமரத்தடியில் நாற்பது நிமிடத்தில் அவள் பேசுவது நான்கைந்து வாக்கியமாகக் குறைந்திருந்தது. ஒரு ஞாயிறு அவளே வாயைத் திறந்தாள்.

“அப்பா, நீங்க என்ன பண்றீங்கன்னு இங்க யாராச்சும் கேட்டா, பட்டறைன்னு மட்டும் சொல்லுங்க.”

“ஏன் சாமி?”

“அந்தப் பாட்டுக்காரனை ஹாஸ்டல்ல எல்லாரும் திட்டுவாங்கப்பா. லீவுல ஊட்டுக்குப் போனாலும் காதுல ஓடுதாம். கையில கெடச்சா கொன்னே போடுவேன்னு ரூம்ல எழுதியே வச்சிருக்கறாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் யாருகிட்டயும் சொல்லலீங்கப்பா,” என்றாள். அவனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

“உனக்கு எப்படி இருக்குது?”

நிலா தன் கைகளைப் பார்த்தாள். “சைரன் மாதிரிதானுங்கப்பா. பாட்டுன்னே தோணறதில்ல.”

அவள் பாட்டை மறந்துவிட்டாள், முழுதாக ஒருமுறை கேட்டால் போதும் என்று செங்கோடன் நினைத்தான். முன்னிசை, குரல், கை, கடைசியில் கதவுகள் திறப்பது. ஒரே ஒருமுறை. அதற்கு அவனுக்குத் தெரிந்த இடம் பள்ளி ஆண்டு விழாதான். தாளாளர் உடனே ஒப்புக்கொண்டார். “உங்க பாட்டுன்னா அது நம்ம ஸ்கூலு பாட்டுங்க!” படிவத்தில் ‘நிகழ்ச்சியின் நோக்கம்’ என்ற இடத்தில் செங்கோடன் ‘என் மகள் கேட்க’ என்று எழுதினான். தமிழரசு அதை அடித்துவிட்டு ‘விழிப்புணர்வு’ என்று எழுதி முத்திரை வைத்தார்.

அக்சிலியாவைக் கூப்பிட அவன் சேலத்துக்கே போனான். அவள் டூட்டி உடையில் வாசலுக்கு வந்தாள். “அஞ்சு வருசமாப் பாடலண்ணா. தொண்டையில வெறும் பேஷன்ட் பேருதான் இருக்கு,” என்றாள். ஆனால் வந்தாள். பட்டறையில் மூன்று ஞாயிறு பழகினார்கள். பாட்டு மெல்ல நீண்டது. ஐந்து நிமிடம் நாற்பது வினாடியைத் திரும்பத் தொட்ட அன்று ஜூட் டிரம் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நின்றான்.

2025 ஜனவரி, மாலை நான்கு மணி. மைதானத்தில் மூவாயிரம் பிள்ளைகள் நாற்காலிகளில். தாளாளர் பேசினார்.

“கோழிக்கும் கொழந்தைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுன்னு என்னையப் பத்திச் சிலபேரு பேசறாங்க. நல்லாத் தெரியுமுங்க. கோழி லீவு கேக்காது.” கைதட்டல். “இங்க நாங்க யாரையும் அடிக்கறதில்ல. அடிச்சாத்தான் எந்திரிப்பாங்கறது அந்தக் காலம். இப்ப அவங்களே எந்திரிக்கறாங்க. ஏன் எந்திரிக்கறம்னு ஒரு புள்ளையும் கேட்டதில்ல. ஆறு வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல! கல்விங்கறது அதுதானுங்களே?” மறுபடி கைதட்டல். பெற்றோர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

செங்கோடன் மேடையேறினான். பதினொன்றாம் வகுப்பு வரிசையில் நிலாவைத் தேடிக் கண்டுபிடித்தான். மூன்று சுரம் தட்டினான். நிறுத்தினான்.

மூவாயிரம் பேரும் எழுந்தார்கள்.

பாராட்டி எழுகிறார்கள் என்று ஒரு நொடி நினைத்தான். அவன் அடுத்த மூன்று சுரத்தைத் தட்டுவதற்குள் முதல் வரிசை திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தது. சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை. வரிசைக்குப் பின் வரிசை, கையில் இல்லாத பாயைச் சுருட்டி அக்குளில் வைத்ததுபோல ஒரு கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மைதானத்தைத் தாண்டிப் படிப்பு மண்டபத்தை நோக்கிப் போனார்கள். நிலாவும் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“மூணு நிமிசம் பன்னண்டு செகண்டு!” தாளாளர் போனைத் தூக்கிப் பிடித்துப் பெற்றோர்களிடம் காட்டினார். “பகல்லயே பாருங்க! ரெக்கார்டு!”

“நிறுத்திரலாமாடா?” என்றான் ஜூட்.

செங்கோடன் அதுவரை முன்னிசையையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தான், நிறுத்தவில்லை. மண்டபம் அங்கேதான் இருக்கிறது, ஸ்பீக்கர் பெரியது, நிலாவுக்குக் கேட்கும். முழுதாகக் கேட்டால் போதும். அக்சிலியா வெற்று நாற்காலிகளைப் பார்த்துப் பாட ஆரம்பித்தாள். அடுப்பில் பால் பொங்கியது. ஜூட் வெறும் கையால் தட்டினான். அவர்கள் இருபது ஆண்டுகளில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. பாட்டின் நான்காம் நிமிடத்துப் பகுதி வந்தது. செங்கோடன் பெருக்கியைத் திறக்கக் குனிந்தான்.

நிலா மைதானத்தின் குறுக்கே ஓடி வந்துகொண்டிருந்தாள்.

அவன் முகம் மலர்ந்தது. பெருக்கியை முழுக்கத் திறந்தான். சீற்றம் எழுந்தது. நிலா மேடைக்குக் கீழே நின்று ஏதோ கத்தினாள். கேட்கவில்லை. மேடையேறி அவன் காதருகே வந்தாள். மூச்சு வாங்கியது.

“நிறுத்திருங்கப்பா.”

“கேளு சாமி. இன்னும் கொஞ்சந்தான்.”

“பாட்டு நின்னாத்தான் உக்கார முடியுங்கப்பா. எல்லாரும் நின்னுட்டே இருக்கறாங்க. ஆறாவதுப் புள்ளைங்க கால் வலிக்குதுன்னு அழுகுதுங்க. அங்கிருந்து வார்டன் சாரால இதை நிறுத்த முடியல.” அவள் கண்கள் நிறைந்திருந்தன. “பாட்டுக்காரரு மக யாருன்னு கேட்டு, என்னைய முன்னால வரச் சொல்லி இங்க அனுப்பிச்சாரு. எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சுங்கப்பா.”

கிதாரின் ஒலியை நிறுத்துவது எளிது. உள்ளங்கையைத் தந்திகளின் மேல் வைத்தால் போதும். செங்கோடன் வைத்தான். ஜூட்டின் கை இன்னும் ஒருமுறை தட்டிவிட்டு நின்றது. அக்சிலியாவின் சொல் பாதியில் நின்றது.

மண்டபம் மேடையிலிருந்து முந்நூற்று நாற்பது மீட்டர். ஒலி நின்ற செய்தி அங்கே போய்ச் சேர ஒரு வினாடி ஆகும். மூவாயிரம் பேர் பெஞ்சில் உட்காரும் சத்தம் இங்கே வந்து சேர இன்னொரு வினாடி. அந்தச் சத்தம் வந்தபோது, அவனருகில் நின்றிருந்த நிலா ஏற்கனவே மேடைப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். சம்மணமிட்டு, முதுகு நிமிர்ந்து, வெறும் மடியைக் குனிந்து பார்த்தபடி.

“சாமி,” என்றான் செங்கோடன்.

அவள் விரல் மடியில் பக்கம் தேடிக்கொண்டிருந்தது.